இடப்பக்கம் பார்க்கும் மீன்கள்

எங்கள் அலுவலகத்தில் மீன்கள் எல்லாம்
இடப்பக்கம் பார்க்கும்.
அதுதான் விதி. தலை இடது, வால் வலது,
நிழல் கூடாது, உணர்ச்சி கூடாது,
செதிலை எண்ணி வை.
பதினேழு வருடம் எண்ணியிருக்கிறேன்.
ஊளி, பாறை, விளமீன், ஓரா:
ஒன்றுகூட என்னைத் திரும்பிப் பார்த்ததில்லை.

போன மாசியில்
ஏதோ ஒரு குளிர்நாட்டுக் காப்பகத்திலிருந்து
மண்டபத்துக்கு வந்தது ஒரு படம்.
பரோக் காலத்துத் தாள். காவிக்கட்டிக் கோடு,
அதன்மேல் பழுத்துப்போன மை.
கீழே கோணல் எழுத்தில் ஊர்ப்பெயர்.
வேதாளை என்று நாங்கள் படித்தோம்;
வேறாகவும் இருக்கலாம்.
வரைந்தவன் பெயர் இல்லை.
சங்குக் கணக்கு எழுத வந்த
ஒல்லாந்தன் எவனாவது இருக்கும்.
"என்ன விலங்கு, தெரியப்படுத்தவும்."

என்ன விலங்கு?
காளைத் திமிலாய் எழும் முதுகு,
சிங்கத்துக்குரிய பிடரிச் சுருள்,
துடுப்பு இருக்கவேண்டிய இடத்தில்
ஐந்து விரல், நகத்தோடு.
கண்ணுக்கு இமைமயிர்.
மூலையிலிருந்து மூலைக்குச் சரியும் வெளிச்சத்தில்
மேகம்கூடத் தசையாக முறுக்குகிறது.
விலாவின்மேல் ஏறிக்
காலடியால் அளக்கிறான் ஒருவன்.
படுக்கவேண்டிய இடத்தில் எல்லாம்
எகிறுகிறது கோடு.
அந்தக் காலத்தவர் கையில்
செத்துத் தொங்கும் முயல்கூட
நாடகம் நடத்தும்.
சிங்கம் பார்க்காதவன்
வீட்டு நாயைப் பார்த்துச் சிங்கம் வரைந்திருப்பான்;
நாய் சம்மதித்திருக்கும்.

சிவப்புப் பேனாவோடு திருத்த உட்கார்ந்தேன்.
பிடரி, இல்லை. நகம், இல்லை.
இமைமயிர், இல்லவே இல்லை.
எல்லாம் அடித்தபின் மிஞ்சியது
புல் மேயும் மழுங்கிய வாய்,
பிறை வால்.
ஆவுளியா.

ஒன்று மட்டும் ஒட்டவில்லை.
அது கழுத்தைத் திருப்பித்
தோளுக்கு மேலாகப் பின்னால் பார்க்கிறது.
ஆவுளியாவுக்கு ஏது கழுத்து?
'உடற்கூறு பிழை' என்று எழுதிக்
கோப்பை மூடினேன்.

பங்குனியில், விடியுமுன், சீனிக் காதரின் போன்:
"திருக்கை வலையில ஆவுளியா.
உசுரோட இருக்கு. வெரசா வாங்க."
வத்தையில் போனேன். இடுப்பளவுத் தண்ணீர்.
ஆறேழு பேர் வலையை அறுத்துக்கொண்டிருந்தார்கள்.
புது வலை. நாற்பதாயிரம் கடன்.
ஒவ்வொரு கண்ணாக அறுபட
காதர் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார்.
அது மூச்சு விட்டது:
ஈரச் சாக்கைக் கிழிக்கிற சத்தம்,
வெந்த கீரையின் வாடை.
நாடா பிடித்து அளந்தேன்.
இரண்டு மீட்டர் அறுபது. பெண்.
மடியில் பால்.

கடைசி முடிச்சு விட்டதும்
அது போகவில்லை.
கழுத்தில்லாத அந்த உடம்பு முழுசாக வளைந்தது,
முதுகெலும்பு மொத்தமும் ஒரு கழுத்தாகி.
எங்களை அல்ல,
எங்களுக்குப் பின்னால்
சேறு கலங்கிக் கிடந்த இடத்தைப் பார்த்தது.
அங்கே ஒன்றும் இல்லை.
அல்லது எங்களுக்குத் தெரியவில்லை.
பிறகு மூழ்கியது.

"குட்டியத் தேடுது," என்றார் காதர்.
யாரும் பேசவில்லை.
கரை தட்டும்போது அவரே கேட்டார்:
"வலைக்கு நட்டஈடு குடுப்பாங்களா டீச்சர்?"
நான் டீச்சர் இல்லை.
"எழுதிப் போடுறேன்," என்றேன்.

அன்றிரவு அந்தத் தாளைத்
திரை கொள்ளாமல் பெரிதாக்கினேன்.
அதன் பார்வை போகும் திசையில்,
விளிம்பை ஒட்டி,
காவி தேய்த்து அழித்த ஒரு திட்டு.
ரொட்டித் துண்டால் துடைத்திருப்பான்,
அப்போது அதுதான் அழிப்பான்.
என்னவென்று சொல்ல முடியாது.
கல்லாக இருக்கலாம். நுரையாக.
கையில் நிற்காமல் போன ஏதோ ஒன்றாக.

நட்டஈட்டு மனுவுக்குப் படம் கேட்டிருந்தார்கள்.
வரைந்தேன். தலை இடது, வால் வலது,
நிழல் இல்லை.
கண்ணில் மட்டும் ஓர் இமைமயிர்,
பென்சிலால்,
எழுத்தர் தூசி என்று ஊதிவிடும் அளவுக்கு.

குளிர்நாட்டுக்காரர்களுக்கு
இன்னும் பதில் எழுதவில்லை.